அனுப்பியதாகச் சொன்ன 412 குறுஞ்செய்திகள்

புரோகிராம் எழுதுவதில் மேப் என்பது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் லூப்பின் சுருக்கம்தான் என்று யாராவது சொன்னால் என் மனசு ஒப்புவதில்லை. பல வருடம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் புரோகிராமைப் படித்த சீனியர் ஒருவர், "இதுக்கு எதுக்கு நாலு வரி லூப்? மேப் போட்டா ஒரே வரியில முடிஞ்சிடுமே" என்றார். ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பு), ஒரு லிஸ்ட், இரண்டையும் மேப்பிடம் கொடுத்தால் லிஸ்டில் இருக்கும் ஒவ்வொன்றின் மேலும் அந்த ஃபங்ஷன் போய்ப் படியும். பார்க்க அழகாக இருந்தது. அன்றிலிருந்து லூப் கண்ட இடமெல்லாம் மேப் ஆக்கினேன். அப்படி மாற்றிய வரிகளில் ஒன்று 2019 நவம்பரில் ஒரு நாள் காலை என்னைத் தேடி வந்தது.

அப்போது ஒரு கண் மருத்துவமனைக்கான புரோகிராமை நானும் இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் யாருக்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதோ அவர்களுக்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். அது எழுதப்பட்ட பைத்தான் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிகிறது என்பதால் எல்லாவற்றையும் பைத்தான் 3-க்கு மாற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் பயமெல்லாம் தமிழ் எழுத்தைப் பற்றித்தான். பைத்தான் 2-இல் தமிழை வைத்துக்கொண்டு பட்ட பாடு பட்டவர்களுக்குத் தெரியும். யூனிகோட் சரியாகப் போகிறதா, ஒற்றும் கொம்பும் உடைகிறதா, ஒரு குறுஞ்செய்திக்கான 70 குறியீடுகளுக்குள் வாசகம் அடங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பிச் சோதித்தோம். அழகாக வந்தது. அன்று மாலை புது புரோகிராமை ஓடவிட்டோம். புரோகிராம் தான் செய்ததைக் குறித்துவைக்கும் லாகில் "412 செய்திகள் அனுப்பப்பட்டன" என்று இருந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வரவேற்பில் இருப்பவர் கூப்பிட்டார். "சார், நேத்து யாருக்குமே மெசேஜ் வரலையாம். கண்ணுல மருந்து விடுவாங்க, துணைக்கு ஆள் கூட்டிட்டு வாங்கன்னு அதுலதானே சொல்றோம்? நிறைய பேர் தனியா வந்து நிக்கிறாங்க." கண்பாவையை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். துணை இல்லாமல் வெளியே போகக் கூடாது. அன்று வயதானவர்கள் சிலர் பார்வை தெளியும்வரை கூடத்திலேயே மதியம் தாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள் என்று பிறகு சொன்னார். எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது.

குற்றம் ஒரே ஒரு வரியில் இருந்தது. அனுப்பும் ஃபங்ஷனையும் எண்களின் லிஸ்டையும் மேப்புக்குக் கொடுத்து, திரும்பி வருவதை எதிலும் வாங்காமல் விட்டிருந்தேன். பைத்தான் 2-இல் மேப் உடனே ஓடி, முழு லிஸ்ட் ஒன்றைத் தயாரித்துக் கையில் தரும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதல் அது ஓர் இட்டரேட்டரை மட்டுமே தருகிறது, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது அது. பந்தியில் இலை போட்டாயிற்று, ஆள் வந்து உட்கார்ந்தால்தான் பரிமாறுவார்கள். நான் இலையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். ஒரு செய்திகூடப் புறப்படவில்லை. லாகில் இருந்த 412 எங்கிருந்து வந்தது? மேப்புக்குள் எத்தனை போகிறதோ அத்தனைதான் வெளியே வரும் என்பதால் உள்ளே போன லிஸ்டின் நீளத்தையே எழுதியிருந்தேன். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் அது பொய்.

கூட இருந்தவர் இரண்டே நிமிடத்தில் சரி செய்துவிட்டார். மேப்பைச் சுற்றி லிஸ்ட் என்று ஓர் உறை போட்டார், அவ்வளவுதான். லிஸ்ட் ஒவ்வொன்றாகக் கேட்கும், மேப் ஒவ்வொன்றாக ஓடும். பழைய பைத்தான் புரோகிராமைத் தானாக மாற்றித் தரும் கருவியும் இதைத்தான் செய்திருக்கும். நாங்கள் கையால் மாற்றியதால் விட்டுப்போயிற்று. அன்று மாலை 400 சொச்சம் செய்திகள் ஒழுங்காகப் போயின. வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டோம். வேலையைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை.

எல்லா அம்புகளும் ஒரே புள்ளிக்கு

பைத்தான் மேல் எனக்குக் கோபம். ஓடச் சொன்னால் ஓட வேண்டியதுதானே, எதற்கு இந்தச் சோம்பேறித்தனம் என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இரவு, அந்த லிஸ்ட் உறைக்குள் உண்மையில் என்னதான் வருகிறது என்று பார்க்க நினைத்து, அனுப்பும் ஃபங்ஷனுக்குப் பதில் அதேபோன்ற ஒரு போலி ஃபங்ஷனை வைத்து அந்த லிஸ்டைத் திரையில் அச்சிட்டேன். நன், நன், நன், நன் என்று திரை முழுக்க வந்தது. எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனுக்குப் பைத்தான் தரும் வெற்று மதிப்பு அது. 412 நன். அதை நினைவகத்தில் வரிசையாக அடுக்கி, உடனே தூக்கிப் போடுகிறோம். தினமும் மாலை ஏழு மணிக்கு.

அதைப் பார்த்தபோது பள்ளிக்கூடத்துக் கணக்குப் பாடம் ஞாபகம் வந்தது. சார்பு (ஃபங்ஷனுக்குக் கணக்குப் பாடத்தில் அதுதான் பெயர்) என்றால் என்ன என்று சொல்ல வாத்தியார் இரண்டு முட்டை வட்டம் போடுவார். இடது வட்டத்தில் சில புள்ளிகள், வலது வட்டத்தில் சில புள்ளிகள். இடது பக்கம் இருக்கும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரே ஓர் அம்பு வலப்பக்கம் போக வேண்டும். எல்லா அம்பும் ஒரே புள்ளியில் போய் விழுந்தால் அது மாறிலிச் சார்பு. என் திரையில் இருந்தது அந்தப் படம்தான். 412 தொலைபேசி எண்கள் இடது பக்கம், வலது பக்கம் நன் என்ற ஒற்றைப் புள்ளி. எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை மாறப்போவதில்லை. விடை என்று பார்த்தால் அந்த ஃபங்ஷன் எதையும் சொல்லவில்லை. சொல்லாத விடையை நானும் கேட்கவில்லை. அப்படியிருக்க, பைத்தான் ஏன் அதைக் கணக்கிட வேண்டும்?

கோபம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. மேப்பிடம் நான் கேட்டது, இந்த எண்களுக்கெல்லாம் ஒத்த விடைகள் என்ன என்ற கேள்வி. என் மனதில் இருந்ததோ, போய் இந்த 412 பேருக்கும் சொல்லிவிட்டு வா என்ற ஏவல். கேள்வியும் ஏவலும் ஒரே வரிக்குள் ஒளிந்துகொள்ள முடிந்ததற்குக் காரணம், பைத்தான் 2 இரண்டையும் ஒன்றாகவே நடத்தியதுதான். எனக்குச் சொல்லித்தந்த சீனியர் பொய் சொல்லவில்லை. அவர் கற்ற பைத்தானில் அது உண்மைபோல் நடந்தது.

வகைக்கெழுவில் பிறந்தது

மேப் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது கிடைத்த கதை இந்தக் குழப்பத்தை இன்னும் தெளிவாக்கியது. 1958 கோடையில் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தார். இயற்கணிதக் கோவைகளைக் கணினியே வகையிட வேண்டும் என்பதை மாதிரிக் கணக்காக எடுத்துக்கொண்டார். பிளஸ் டூவில் படித்த விதிதான்: பல உறுப்புகளின் கூட்டலை வகையிட வேண்டுமானால் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வகையிட்டுக் கூட்டினால் போதும். உறுப்புகள் இரண்டா, இருபதா என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒரு லிஸ்டில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் ஒரு ஃபங்ஷனைச் செலுத்தும் வழி தேவைப்பட்டது. அதற்கு மேப்லிஸ்ட் என்று பெயர் வைத்தார். ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்க வேண்டுமானால் அதை எழுதிக் காட்ட ஒரு குறியீடு வேண்டும். அதற்காகத் தர்க்கவியல் அறிஞர் அலோன்ஸோ சர்ச்சின் லாம்டா குறியீட்டை எடுத்துக்கொண்டார். அவர் உருவாக்கிய லிஸ்ப் என்ற கணினி மொழியைப் பற்றி 1960-இல் வந்த கட்டுரையில் மேப்லிஸ்டும் இருக்கிறது, இந்த வகையிடலும் இருக்கிறது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. மெக்கார்த்தியின் மேப்லிஸ்ட் ஃபங்ஷனுக்குத் தருவது லிஸ்டின் ஓர் உறுப்பை அல்ல, அந்த உறுப்பில் தொடங்கி மிச்சம் இருக்கும் வால் முழுவதையும். கூட்டலுக்கு இது தேவையே இல்லை, வாலின் தலையை எடுத்துக்கொண்டால் போதும். பெருக்கலுக்குத்தான் தேவை. மூன்று காரணிகளின் பெருக்கலை வகையிடும்போது முதலில் ஒன்றை மட்டும் வகையிட்டு மற்ற இரண்டையும் அப்படியே வைக்கிறோம், அப்புறம் அடுத்ததை, அப்புறம் அதற்கடுத்ததை. ஆகவே மேப்புக்குள் இன்னொரு மேப், உள்ளே இருப்பது இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டே போகும். எக்ஸ் பெருக்கல் எக்ஸ் என்று இருந்தால் மதிப்பை மட்டும் பார்த்து முதல் எக்ஸ் எது, இரண்டாம் எக்ஸ் எது என்று பிரிக்க முடியாது. வாலைப் பார்த்தால் முடியும், ஏனென்றால் ஒன்றின் வால் நீளம், மற்றதன் வால் குட்டை. உறுப்பை மட்டும் தரும் மேப்கார் லிஸ்பில் பின்னால் வந்தது. இன்று நாம் மேப் என்று சொல்வது பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்.

வகைக்கெழுவில் நேரம் என்ற ஒன்று கிடையாது. முதல் உறுப்பை முதலில் வகையிட வேண்டும், கடைசி உறுப்பைக் கடைசியில் என்று எந்தக் கணக்கு வாத்தியாரும் சொன்னதில்லை. நாலு பேர் ஆளுக்கோர் உறுப்பை எடுத்துக்கொண்டு போட்டாலும் விடை ஒன்றுதான். மேப் பிறந்தபோதே அதற்கு நேரத்தோடு சம்பந்தம் இருக்கவில்லை. அதை ஃபார் லூப்பின் சுருக்கம் என்று சொல்லும்போது, இல்லாத நேரத்தை நாம்தான் உள்ளே கொண்டுபோய் வைக்கிறோம்.

சொல்லாமல் விட்டது

இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட மொழி, லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம். அதன் வரையறை, மேப் எந்த வரிசையில் உறுப்புகளைத் தொடும் என்பதைத் தீர்மானிக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. கடைசியிலிருந்து ஆரம்பித்தாலும் விதிமீறல் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகத்தான் போக வேண்டும் என்றால் ஃபார்-ஈச் என்று தனியாக ஒன்று இருக்கிறது, விடையைத் திருப்பித் தரும் கடமை அதற்கு இல்லை. கேள்விக்கு ஒன்று, ஏவலுக்கு ஒன்று.

முதலில் படித்தபோது, இப்படி ஒன்றைத் தீர்மானிக்காமல் விடுவது சோம்பல் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த மௌனத்தின் பயன் புரிந்தது. ஃபார்ட்ரான் என்ற கணினி மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ் 1977-இல் டூரிங் விருது உரையில், இதே மேப்பை "எல்லாவற்றின் மேலும் செலுத்து" என்ற பொருள்படும் பெயரில் அடிப்படைக் கருவியாக வைத்துப் பேசினார். புரோகிராம்களையும் இயற்கணிதம்போல் விதி வைத்துச் சுருக்க முடிய வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் ஒரு விதி: லிஸ்டின் மேல் முதலில் ஒரு ஃபங்ஷனைச் செலுத்தி, வந்த லிஸ்டின் மேல் இன்னொன்றைச் செலுத்துவதும், இரண்டையும் சேர்த்து ஒரே ஃபங்ஷனாக்கி ஒரே முறை செலுத்துவதும் ஒன்று. எங்கள் புரோகிராமில் எண்களிலிருந்து இடைவெளியை நீக்குவது ஒரு படி, முன்னால் 91 சேர்ப்பது அடுத்த படி. 412 எண்களுக்கும் இடைவெளி நீக்கி ஒரு லிஸ்ட் செய்து, பிறகு 412-க்கும் 91 சேர்க்கலாம். அல்லது ஒவ்வோர் எண்ணாக எடுத்து இரண்டையும் ஒரேயடியாகச் செய்து முடிக்கலாம், நடுவில் ஒரு லிஸ்டே தேவையில்லை. ஹாஸ்கல் என்ற மொழியின் கம்பைலர் (நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் புரோகிராம்) இப்படிப்பட்ட மாற்றத்தை நம்மைக் கேட்காமலே செய்துகொள்ளும், விடை மாறாது என்று அதற்குத் தெரியும். ஆனால் முதல் படி ஒரு செய்தி அனுப்பி, இரண்டாம் படி தரவுத்தளத்தில் எழுதுவதாக இருந்தால்? இரண்டு மேப்பையும் இணைத்த உடனே நிகழ்ச்சிகளின் வரிசை மாறிவிடும். விதி அப்போதே செத்துப்போகும்.

கூகுள் 2004-இல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரை, தன் பெயரையும் யோசனையையும் லிஸ்ப் போன்ற மொழிகளிலிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறது. ஆயிரக்கணக்கான கணினிகளில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது ஏதாவது ஒன்று நடுவில் செயலிழப்பது சகஜம். அப்படி ஆனால் அதற்குக் கொடுத்த பங்கை வேறொன்றிடம் கொடுத்து மறுபடி முதலிலிருந்து ஓடவிடுவார்கள். விடை மட்டுமே வேண்டும் என்பதால் எத்தனை முறை ஓடினாலும் கெடுதல் இல்லை. என் அனுப்பும் ஃபங்ஷனை அங்கே வைத்திருந்தால் ஒரே பாட்டிக்கு மூன்று முறை செய்தி போயிருக்கும். ஓடாமலே இருக்கலாம், எந்த வரிசையிலும் ஓடலாம், இரண்டு முறையும் ஓடலாம். மேப்புக்குள் போகும் ஃபங்ஷன் இந்த மூன்றையும் தாங்க வேண்டும். அனுப்பும் ஃபங்ஷன் மூன்றில் ஒன்றைக்கூடத் தாங்காது.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் விழுந்திருப்பார்கள். பத்து என்ற எழுத்துச்சரம் மூன்று இருக்கும் லிஸ்டின் மேல், எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டைச் செலுத்தினால் மூன்று பத்து வராது. பத்து, "எண் அல்ல" என்ற அறிவிப்பு, இரண்டு என்று வரும். அங்கே மேப் உறுப்போடு அதன் இட எண்ணையும் சேர்த்துக் கொடுக்கிறது, பார்ஸ்இன்ட் அந்த இட எண்ணை எண்முறையின் அடிமானம் என்று எடுத்துக்கொள்கிறது. அடிமானம் 0 என்றால் வழக்கமான பத்து, 1 என்று ஓர் அடிமானமே இல்லை, இரண்டடிமானத்தில் ஒன்று-பூஜ்யம் என்பது இரண்டு. ஒரு புள்ளியிலிருந்து ஓர் அம்பு என்ற ஒப்பந்தத்தில் வேண்டாத ஒன்று உள்ளே நுழைந்ததன் விளைவு. மெக்கார்த்தி வாலைக் கொடுத்தது தேவை அறிந்து. இது எல்லாருக்கும் எப்போதும் கொடுக்கிறது, அதை நான் வடிவமைப்பின் குறையாகத்தான் பார்க்கிறேன்.

ஹாஸ்கல் கொஞ்சம் படித்த பிறகு என் பழைய வரியை அங்கே எழுதிப் பார்த்தேன். அதே இரண்டையும் மேப்பிடம் கொடுத்தால் ஹாஸ்கலும் எதையும் அனுப்பாது. ஆனால் என்ன கிடைத்தது என்பதை டைப்பிலேயே, அதாவது அது எந்த வகை மதிப்பு என்ற குறிப்பிலேயே, சொல்லிவிடுகிறது: செய்ய வேண்டிய செயல்களின் லிஸ்ட் ஒன்று. செய்து முடித்தவற்றின் லிஸ்ட் அல்ல. அந்தச் செயல்களை வரிசையாக நடத்த வேண்டுமானால் அதற்கு வேறு பெயரில் வேறு ஃபங்ஷன். மருத்துவமனைக்கு எழுதிய அன்றே இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்திருந்தால் அந்த வரியை அப்படி எழுதியிருக்கவே மாட்டேன் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

மறுபடி எழுதியது

அந்த லிஸ்ட் உறையை ஒரு வாரம் கழித்து எடுத்துவிட்டேன். கூட இருந்தவருக்கு அதில் உடன்பாடில்லை. "ஓடிட்டுதானே இருக்கு, எதுக்குக் கை வைக்கிறே?" என்றார். நியாயமான கேள்விதான். அடுத்து வரும் யாராவது, இந்த லிஸ்டை யாருமே பயன்படுத்தவில்லையே என்று நல்லெண்ணத்தோடு நீக்கிவிட்டால் மறுநாள் மறுபடியும் கூடத்தில் ஆட்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள் என்றேன். சரி, செய் என்றார்.

எண்களைச் சுத்தம் செய்வதும், பெயரும் நேரமும் சேர்த்து வாசகம் தயாரிப்பதும், 70 குறியீட்டுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதும் மேப்பாகவே இருக்கின்றன. அவை எப்போது ஓடினால் என்ன, எந்த வரிசையில் ஓடினால் என்ன. அனுப்புவதை மட்டும் நாலு வரி ஃபார் லூப்பாக எழுதினேன், என் முதல் வருடத்தில் எழுதியது போலவே. அனுப்பும் ஃபங்ஷன் இப்போது சும்மா திரும்பி வருவதில்லை. குறுஞ்செய்தி நிறுவனம் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்ற பதிலைக் கொண்டுவருகிறது. லூப் அதை எண்ணோடு சேர்த்து எழுதிவைக்கிறது. லாகில் வரும் எண்ணிக்கை உள்ளே போன லிஸ்டின் நீளம் அல்ல, ஏற்றுக்கொள்ளப்பட்ட பதில்களின் எண்ணிக்கை.

முதல் நாள் மாலை ஏழு மணிக்கு நான் ஆபீசிலேயே இருந்தேன். 398-க்கு 395 என்று லாகில் வந்தது. அந்த புரோகிராம் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து உள்ளே போனதும் வெளியே வந்ததும் லாகில் வேறாகத் தெரிந்தது அன்றுதான், ஏனென்றால் அதற்கு முன்னால் நாங்கள் வெளியே வந்ததை எண்ணியதே இல்லை. மூன்றில் இரண்டு தரைவழித் தொலைபேசி எண்கள். மூன்றாவதில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது, பதிவு செய்தபோது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மூன்றையும் வரவேற்பில் இருப்பவருக்கு அனுப்பினேன். முதல் இரண்டு பேரை அவர் அன்று இரவே போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மூன்றாமவரின் பழைய கோப்பை எடுத்துப் பார்த்து, விட்டுப்போன அந்த இலக்கத்தைக் காலையில் கண்டுபிடித்தார்.